வீடு காலி பண்றீங்களா? கதவு நிலைக்கு பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்டைப் பாருங்க!

மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, வாடகை வீடு காலி பண்ற அன்னைக்கு ஹவுஸ் ஓனர் சொல்ற டயலாக் ஒண்ணுதான்: "கதவெல்லாம் பெயிண்ட் போயிருக்கேப்பா, ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்." வாடகை 20,000 ரூபாய்னா, நிலையில நாலு கீறலுக்கு 20,000 ரூபாய் போயிடும்!

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. வேற மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. அதுல இருக்கிற பராமரிப்பு அட்டவணையில, சுவருக்கு வெள்ளை அடிக்கிறதும் கதவு, ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறதும் ஓனர் பொறுப்பு. நீங்க உடைச்சது, கிழிச்சது வேற. சாதாரணமா புழங்கித் தேய்ஞ்சது வேற. இதை சாவியைக் கொடுக்கும்போது பேசினா சண்டைதான் வரும். அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

இப்போ, நாமளே பெயிண்ட் அடிச்சா லாபமா?

அக்ரிமென்ட்ல "பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்"னு மொத்தமா எழுதி, நீங்களும் கையெழுத்து போட்டிருந்தா பிரஷ்ஷைத் தொடாதீங்க. நீங்க பளபளன்னு அடிச்சாலும் அந்தக் காசு போகத்தான் போகுது. ரெண்டு தடவை செலவு எதுக்கு?

"சேதத்துக்கு ஏத்த மாதிரி பிடித்தம்"னு இருந்தா கணக்கு மாறும். ஒரு நிலைக்கு 7+7+3, மொத்தம் 17 அடி. சுத்தளவு ஒரு அடின்னு வெச்சா 17 சதுர அடி. நாலு நிலைக்கு 68. ரெண்டு கோட்டுக்கு 136. ஒரு லிட்டர் எவ்வளவு கவர் பண்ணும்னு டின்லயே போட்டிருக்கும், அதை வெச்சு வாங்குங்க. பிரைமர், உப்புத்தாள், பட்டி, டர்பன்டைன், பிரஷ் எல்லாம் சேர்த்து கடையில விலை கேளுங்க. பெயின்டர்கிட்டயும் ரேட் கேளுங்க. பிடித்தம் தொகையோட மூணையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா முடிவு தானா வந்துடும். ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கலரைச் சொல்லி வாட்ஸ்அப்ல ஓகே வாங்கிடுங்க.

வேலை எப்படி?

வாசல் நிலையில மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணி போட்டுக் கழுவாம அடிச்சா பெயிண்ட் ஒட்டாது, உரிஞ்சு வரும். தோரணம் கட்டின ஆணி ஓட்டையைப் பட்டி போட்டு அடைங்க. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, துடைச்சு, மரம் தெரியற இடத்துல பிரைமர் அடிங்க. அப்புறம் மெல்லிசா ரெண்டு கோட் எனாமல். நடுவுல ஒரு ராத்திரி விடுங்க. அவசரப்பட்டு கெட்டியா ஒரே கோட் அடிச்சா வழியும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. மந்தைவெளி, மயிலாப்பூர் பழைய வீடுகள்ல அடுக்கு அடுக்கா இருக்கிற பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். காய வெச்சுத் தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க. ஈரப்படுத்தித் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, ஈரத்துணியால துடைங்க. வீட்ல குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா இந்த வேலையை நீங்க எடுக்காதீங்க. இதுல மிச்சம் பிடிக்கிற காசு காசே இல்ல.

நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் ஊறியிருக்கும், பெயிண்ட் காயாது. பொங்கலுக்கு முன்னாடி பெயின்டர் கிடைக்கிறதே கஷ்டம். மாசி, பங்குனி வெயில்தான் நல்ல நேரம்.

கடைசியா, செலவே இல்லாத ஒரு வேலை. புது வீட்டுக்குப் போற அன்னைக்கே, சாமான் இறக்கறதுக்கு முன்னாடி, எல்லா கதவு, நிலை, ஜன்னலையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு "இந்தக் கீறல் உன்னோடதா?"ன்னு கேட்டா, பதில் உங்க போன்லயே இருக்கும். அந்த 20,000 ரூபாயும் உங்க அக்கவுன்ட்லயே இருக்கும்.