உடைந்த போல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மினி டிராக்டர் இப்போது அபூர்வப் பொருள் இல்லை. மல்லாட்டைக் கொல்லையை உழ, கரும்புத் தோகையைத் தூளாக்க, தோப்பில் புல்லடிக்க 20, 25 குதிரைத்திறன் வண்டியே போதும். வண்டியை ஒரு கடையில் வாங்குகிறார்கள். பின்னால் மாட்டும் ரோட்டவேட்டரையோ புல்வெட்டியையோ வேறொரு கடையில், வேறொரு கம்பெனி பெயரில் வாங்குகிறார்கள். சிலர் பெயர்த் தகடே இல்லாமல் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். ஓடுகிற வரைக்கும் இரண்டும் ஒரே இயந்திரம்தான். உடைந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடும். “எங்க வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க, நீங்க மாட்டின சாமான்தான் காரணம்” என்பார் டிராக்டர் டீலர். “ஓட்டின விதம் சரியில்ல” என்பார் கருவி விற்றவர். வங்கித் தவணை மட்டும் யாரையும் கேட்காமல் மாதா மாதம் வந்து நிற்கும்.

இந்த வழக்கில் யார் ஜெயிப்பார் என்பது பெரும்பாலும் உடைந்த முதல் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம், எதைத் தூக்கி எறிகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிராக்டரின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் பல் வெட்டிய தண்டுதான் பிடிஓ. அது வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. புல்வெட்டியின் கியர்பாக்ஸ் அந்த வேகத்தை இன்னும் கூட்டித்தான் கத்திக்குக் கொடுக்கிறது. திருவண்ணாமலை மாவட்ட நிலங்களில் கல்லுக்குப் பஞ்சமில்லை. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் ஒரு பாறைத் துண்டில் கத்தி மோதினால் அவ்வளவு வேகமும் சட்டென்று நிற்கும். நிற்கும்போது விழும் அடி, விசை வந்த வழியாகவே திரும்பி டிராக்டரின் வயிற்றுக்குள் போகும்.

அதைத் தடுக்கத்தான் பிடிஓவைக் கருவியோடு சேர்க்கும் இணைப்புத் தண்டில் ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். உடைவதற்கென்றே செய்த போல்ட் அது. தான் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். ஆனால் வேலை மும்முரத்தில் அது இரண்டு முறை உடைந்தால் டிரைவருக்குப் பொறுமை போய்விடும். கையில் கிடைத்த ஹைடென்சில் போல்ட்டை மாட்டிவிடுவார். அதற்கும் பொறுமை இல்லாதவர் ஒரு சொட்டு வெல்டிங் வைத்துவிடுவார். போல்ட்டின் தலையைப் பார்த்தாலே குட்டு வெளிப்படும். 4.6, 8.8, 10.9 என்று அதில் எண் பொறித்திருக்கும். எண் ஏற ஏற வலு கூடும். கருவியின் கையேடு சொல்வதைவிட வலுவான போல்ட் அங்கே இருந்தால், அடுத்த கல்லில் போல்ட் உடையாது. இணைப்புத் தண்டின் மூட்டிலுள்ள கிராஸ் உடையும், இல்லாவிட்டால் பிடிஓ தண்டு வளையும், அதுவும் தப்பினால் உள்ளே பல்சக்கரம் போகும்.

கல்லே இல்லாத நிலத்திலும் சேதம் வரும். பெரிய டிராக்டருக்கு வாங்கிய இணைப்புத் தண்டை அளவு பார்த்து அறுக்காமல் மினி டிராக்டரில் மாட்டினால், கருவியைத் தூக்கி இறக்கும்போது தண்டின் இரு பாதியும் முட்டிக்கொண்டு பிடிஓ பேரிங்கை உள்நோக்கி நெட்டும். ஆயில் சீல் கசிவது அதன் முதல் அறிகுறி. வரப்போரத்தில் திரும்பும்போது பிடிஓவை நிறுத்தாமலே கருவியைத் தூக்கும் பழக்கமும் கிராஸைத் தின்றுவிடும். கத்தி ஒன்று தேய்ந்து ஒன்று புதிதாக இருந்தால் ஏற்படும் அதிர்வு மெதுவாக வேலை செய்யும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும், தூக்குக் கைகளின் பின்களைத் தேய்க்கும், கடைசியில் ஹவுசிங்கில் மயிரிழை விரிசல் விடும்.

மினி டிராக்டர்களின் தூக்கும் திறன் பெரும்பாலும் 750 கிலோ அளவில் இருக்கும். அதுவும் வண்டியை ஒட்டி நிற்கும் எடைக்குத்தான். பின்னால் நீண்டு நிற்கும் கனத்த கருவிக்கு அந்தக் கணக்கு செல்லாது. மானியத் திட்டத்தில் வாங்கும் கருவிகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் புத்னி, ஆந்திரத்தின் கார்லதின்னே போன்ற மத்திய அரசு நிலையங்களின் சோதனை அறிக்கை இருக்கும். எந்தக் குதிரைத்திறன் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை அதில் பார்க்கலாம். வாங்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டிய தாள் அது. கேட்பவர்கள்தான் குறைவு.

இனி அந்த முதல் ஒரு மணி நேரம். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே இறங்கிப் பின்னால் போக வேண்டும். வேட்டி நுனியோ தோள் துண்டோ தண்டில் சிக்கினால், நொடிக்கு ஒன்பது சுற்று என்பதன் பொருள் அப்போது புரிந்து பயனில்லை. அடுத்து, எதையும் நகர்த்தாமல் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். மோதிய கல், கத்தி, தண்டு, ஷியர் போல்ட், வண்டி எண், கருவியின் பெயர்த் தகடு எல்லாம் வேண்டும். மணி மீட்டரையும் விடக் கூடாது. உத்தரவாதம் வருடக் கணக்கோடு ஓடிய மணிக் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த முகம் ஒன்றோடொன்று உரசாமல், லேசாக எண்ணெய் தடவி பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்க வேண்டும். பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்க்கக்கூடக் கூடாது. அந்த முகத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறது. ஒரே அடியில் உடைந்த இரும்பு சொரசொரப்பாக, முழுதும் புதுச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நாள்பட்ட விரிசலில் உடைந்தது என்றால் ஒரு பகுதி வழவழப்பாக, வளைவு வளைவாகக் கோடுகளோடு, சில இடத்தில் பழைய துருவோடு இருக்கும். முதல் வகை கல்லில் மோதியதைக் காட்டும். இரண்டாவது வகை வார்ப்புக் குறையையோ நாள்பட்ட அதிர்வையோ காட்டும். பட்டறையில் கிரைண்டர் ஒருமுறை பட்டால் அந்தக் கதை அழிந்துபோகும்.

பிறகு மெக்கானிக்கின் முறை. கண்ணுக்குத் தெரியும் சேதம் பாதிதான். பிடிஓ தண்டைக் கையால் மெல்லச் சுற்றினால் நுனி ஆடுகிறதா, சீல் ஈரமாக இருக்கிறதா, தூக்குக் கைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கியர் ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்துக் காந்தத்தை விட்டால் உள்ளே நடந்தது தெரியும். காந்தத்தில் நைசான மாவுபோல் ஒட்டினால் வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் சில்லு வந்தால் பல்சக்கரத்திலோ பேரிங்கிலோ ஏதோ உடைந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஹவுசிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, காய்ந்தபின் சுண்ணாம்புப் பொடி தூவினால், விரிசலில் இறங்கிய எண்ணெய் கோடாக வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கோட்டை அலட்சியம் செய்யக் கூடாது. லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸி பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடாக்காமல் சாதாரண ராடால் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் என்றால் வெல்டிங்கை மறந்துவிட்டு ஹவுசிங்கையே மாற்றுவதுதான் கணக்கு.

யார் பணம் கட்டுவது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது; பலர் கவனிப்பதில்லை. அந்தச் சட்டம் ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. குறையுள்ள பொருளால் வேறு சொத்துக்குச் சேதம் வந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அந்தப் பொருளுக்கே வந்த சேதம் இதில் வராது. ஆக, புல்வெட்டியின் குறையால் டிராக்டர் உடைந்தால், டிராக்டர் ‘வேறு சொத்து’. அதன் சேதத்தைப் புல்வெட்டி செய்தவரிடம் இந்த வழியில் கேட்கலாம். புல்வெட்டிக்கு வந்த சேதத்தைக் குறையுள்ள பொருள், உத்தரவாதம் என்ற சாதாரண வழியில் கேட்க வேண்டும். புகாரில் இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம். கையேட்டில் போதிய விளக்கமும் எச்சரிக்கையும் தராததும் தயாரிப்பாளரின் பொறுப்புதான்.

மறுபக்கமும் உண்டு. 87-ஆவது பிரிவின்படி, சேதம் நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது. ஷியர் போல்ட்டுக்குப் பதில் மாட்டிய 10.9 போல்ட் இங்கேதான் காலை வாரும்.

“விவசாயி எப்படி நுகர்வோர்? வருமானத்துக்குத்தானே டிராக்டர்?” என்ற வாதமும் வரும். சொந்தக் கையால் பிழைப்பு நடத்த இயந்திரம் வாங்கியவர் நுகர்வோரே, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் சொல்லிவிட்டது. தேசிய விதைக் கழகம் ஆந்திர விவசாயிகளுக்கு எதிராக நடத்திய வழக்கில், 2012-இல் வந்த தீர்ப்பு விவசாயிகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம் என்பதை உறுதிசெய்தது. பரிசோதனைக்கென்று விதையில் ஒரு பங்கை எடுத்துவைக்கும்படி விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. விதைத்த விதைக்கு அது நியாயம். உடைந்த இரும்புக்கு அந்தச் சலுகையை யாரும் தர மாட்டார்கள்.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். “புது வண்டியே வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தவர்கள் தோற்றிருக்கிறார்கள். பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே உத்தரவாதம் சொல்லும்போது முழு வாகனத்தையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

“வேறு கம்பெனிக் கருவியை மாட்டினீர்கள், உத்தரவாதம் போச்சு” என்பது டீலர்களின் வாடிக்கையான பதில். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்ப்பையும் தங்கள் கைக்குள் வைத்திருந்தது குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தாலே உத்தரவாதம் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, அந்தப் பழுதுபார்ப்பால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. பிறகு மேல்முறையீடுகள் நடந்தன, உத்தரவும் கார்களுக்கானது. ஆனாலும் டீலரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அது தெளிவாக்கிவிட்டது: எந்தக் கருவி, எந்தப் பாகத்தை, எப்படி உடைத்தது? பதிலை எழுத்தில் கேட்க வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் எடுத்த ‘பழுதுபார்க்கும் உரிமை’ முயற்சியில் விவசாயக் கருவிகளும் நான்கு துறைகளில் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இதற்கென 2023-இல் சட்டமே போட்டது. ஜான் டியர் நிறுவனத்தின் மீது அந்நாட்டு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது. இங்கே அந்த முயற்சி இன்னும் ஓர் இணையதளம் என்ற அளவில்தான் நிற்கிறது.

புகார் வழி எளிது. முதலில் விற்றவர், தயாரித்தவர் இருவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். தீராவிட்டால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி புனேயில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை; 5 முதல் 10 லட்சம்வரை ரூ.200. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வகச் சோதனைக்கு ஆணையமே பாகத்தை முத்திரையிட்டு அனுப்பும். பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த துண்டு அப்போது பேசும்.

இன்சூரன்ஸை நம்பி நிற்பவர்கள் பாலிசியை ஒருமுறை வாசிக்கலாம். வழக்கமான வாகனப் பாலிசியில் விபத்தால் வந்த சேதம் சேரும். இயந்திரக் கோளாறு, தேய்மானம் சேராது. கல்லில் மோதியது விபத்து, பேரிங் போனது கோளாறு என்று பிரிப்பார்கள். எனவே உடனே தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். மறுத்துவிட்டால், கம்பெனியிடம் முறையிட்டு ஒரு மாதம் பார்த்தபின், ஓராண்டுக்குள் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

தண்டு சிதறியோ கல் தெறித்தோ கூலியாளுக்குக் காயம் என்றால் அது தனிக் கணக்கு. டிராக்டர் கொண்டு விவசாய வேலை செய்பவர்களை 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே பட்டியலில் சேர்த்திருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. முதலாளி கட்ட வேண்டிய பணம் அது.

பழுதுபார்க்க விடும்போது எழுத்தில் மதிப்பீடு, பாகம் வேறு கூலி வேறாகப் பில், மாற்றிய பழைய பாகங்கள் திரும்பக் கையில், இவை மூன்றும் வேண்டும். பில் தர மறுப்பதையே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டரின் கிளட்ச், கியர்பாக்ஸ் போன்ற பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் பில் போட்டிருந்தால் அங்கேயே கேட்கலாம். வண்டியை எடுக்கும் நாளில், கருவியை மாட்டாமல் பிடிஓவை அரை மணி ஓட்டி, சீல் உலர்ந்திருக்கிறதா, பேரிங் பக்கம் கை வைக்க முடியாத சூடு ஏறுகிறதா என்று இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். கருவியைப் பூட்டும் முன் கையேட்டில் சொன்ன ஷியர் போல்ட் நான்கைந்து வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளலாம்.