பாதிப் பணத்தில் கடனை முடிக்கலாமா?

"சார், மொத்தம் மூணு லட்சம் காட்டுது. ஒன்றரை லட்சம் போட்டுடுங்க, குளோஸ் பண்ணிடலாம். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் ஆஃபர்." கிரெடிட் கார்டு பாக்கியோ பர்சனல் லோன் தவணையோ சில மாதம் நின்றுபோனவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. நேற்றுவரை மிரட்டியவர் இன்று திடீரென்று கருணை காட்டுகிறாரே என்று சந்தேகம் வரும். சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் சலுகை பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் அது வங்கியின் கணக்கில் வாராக்கடன். அதைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிட, கிடைப்பதை வாங்கி முடித்துக்கொள்வது வங்கிக்கும் லாபம். இதைத்தான் ஒன் டைம் செட்டில்மென்ட், சுருக்கமாக ஓ.டி.எஸ். என்கிறார்கள். 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்று விதிமுறை வெளியிட்டது. ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் இயக்குநர் குழு ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். கடனை அனுமதிக்கும் அதிகாரம் உள்ளவரைவிட ஒரு படியாவது மேலே இருப்பவர்தான் செட்டில்மென்டுக்கு ஒப்புதல் தர முடியும். ஆக, போனில் பேசும் கலெக்‌ஷன் ஏஜென்டுக்கு உங்கள் பாக்கியில் ஒரு ரூபாயைக் குறைக்கவும் அதிகாரம் கிடையாது. அவர் செய்தி கொண்டுவருகிறவர், அவ்வளவே.

கடன் வாங்கியவருக்கு ஓ.டி.எஸ். ஓர் உரிமையும் அல்ல. பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓ.டி.எஸ். கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கிக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது. கேட்கலாம், பேரம் பேசலாம். கொடுப்பது வங்கியின் விருப்பம்.

வேலை போய்விட்டது, வீட்டில் பெரிய வைத்தியச் செலவு, தொழில் படுத்துவிட்டது, முழுத்தொகை கட்ட வழியே இல்லை என்கிறவர்களுக்குத்தான் இந்த வழி. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் கட்டிவிடலாம் என்ற நிலையில் இருப்பவர், தள்ளுபடி கிடைக்கிறதே என்று வேண்டுமென்றே தவணையை நிறுத்துவது வினையை விலைக்கு வாங்குவது. அவர் முதலில் கேட்க வேண்டியது தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி.

சலுகை என்று சொல்லப்படும் தொகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்டில் 1,00,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,500 ரூபாய் வட்டி. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630 ரூபாய். ஒரு வருடம் கட்டாமல் விட்டால் இது மட்டுமே 49,560 ரூபாய். வட்டிக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் தனி. இரண்டு வருடத்தில் பாக்கி இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அப்போது "ஐம்பது சதவீதம் தள்ளுபடி" என்றால், நீங்கள் முதலில் செலவழித்த தொகையோ அதற்கு மேலோதான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் பேரத்துக்கு உட்காரும் முன் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்டில் கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மற்ற கடன்களில் அபராத வட்டி போடும் வழக்கத்துக்கு 2024-இல் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம், அந்தக் கட்டணத்துக்கு வட்டி கூடாது. கணக்கில் இவை கலந்திருந்தால் பேரத்தில் உங்கள் பக்கம் வலுக்கும்.

தொகை படிந்துவிட்டதா? இனி எல்லாம் கடிதத்தில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி கடிதம் ஆகாது. வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ லெட்டர்ஹெட்டிலோ வர வேண்டும். கடன் கணக்கு எண், மொத்த பாக்கி, ஒப்புக்கொண்ட தொகை, எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில் கட்ட வேண்டும், இதைக் கட்டிவிட்டால் இந்தக் கடனில் வேறு எந்த பாக்கியும் கிடையாது என்ற வரி, இத்தனையும் அதில் இருக்கிறதா பாருங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குகளைத் திருப்பித் தருவது, வழக்கு இருந்தால் வாபஸ் வாங்குவது, ஜாமீன் போட்டவரை விடுவிப்பது ஆகியவையும் சேர வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தப்பித்தோம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கையில் ஜாமீன் போட்ட மச்சான் வீட்டுக்கு நோட்டீஸ் போய் நிற்கும்.

கடிதம் வந்தவுடன் வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கோ கிளைக்கோ பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும் பழக்கம் உண்டு. கடன் இப்போது யார் கையில் என்று தெரியாமல் பணம் கட்டக் கூடாது. ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கோ கையில் ரொக்கமாகவோ ஒருபோதும் வேண்டாம். மூன்று தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டுவிட்டு ஒன்றைத் தவறவிட்டால், தள்ளுபடி ரத்தாகி முழு பாக்கியும் மறுபடி தலையெடுக்கும் என்றுதான் பெரும்பாலான கடிதங்களில் எழுதியிருக்கும். கட்டி முடித்ததும் நோ டியூ சர்டிபிகேட் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது, உங்கள் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில். முழுதாகக் கட்டிய கடன் "குளோஸ்டு" என்று பதிவாகும். குறைத்துக் கட்டியது "செட்டில்டு" என்று பதிவாகும். இந்தப் பதிவு பல ஆண்டுகள் நிற்கும். புதிதாகக் கடன் கேட்கும்போது எந்த வங்கியின் கண்ணிலும் முதலில் படுவது இதுதான். செட்டில் செய்த நிறுவனமே குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக்கடன் தரக் கூடாது (விவசாயக் கடனுக்கு மட்டும் வேறு கணக்கு). "ரைட் ஆஃப் ஆகிடுச்சு" என்றால் கடன் ரத்தாகிவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வங்கியின் உள்கணக்கு. உங்கள் பாக்கி அப்படியேதான் இருக்கிறது. பணம் கட்டிய பிறகும் பதிவு மாறாவிட்டால் சிபிலிடம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

ரொம்பப் பழைய கடன் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். "டோக்கனா ஐயாயிரம் மட்டும் போடுங்க, ஃபைலை மேலே அனுப்புறேன்" என்பார்கள். அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் நீங்கள் கட்டும் ஐயாயிரமும், பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதும் கடிதமும் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். கெடு முடிந்த பிறகுகூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம். முழு ஏற்பாடும் எழுத்தில் வராமல் டோக்கன் பணம் கொடுக்காதீர்கள்.

"உங்கள் கடனை நாங்கள் பேசிக் குறைத்துத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்கும் நிறுவனங்களைப் பற்றி என் கருத்து கடுமையானது. அவர்கள் செய்வதில் நீங்களே செய்ய முடியாதது எதுவும் இல்லை. தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை எங்களிடம் கட்டுங்கள் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. ஆனால் செக் பவுன்ஸ் ஆனால் கதை வேறு. செலாவணி முறிச்சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கோர்ட் சம்மனை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. கெட்ட வார்த்தை, ஊர் முன்னால் அவமானம், உறவினருக்கும் நண்பர்களுக்கும் தொல்லை எல்லாமே ரிசர்வ் வங்கி தடைசெய்தவை. அழைப்பைப் பதிவு செய்யுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. மிரட்டல் கைகலப்பு வரை போனால் ஆம்பட்ஸ்மேனுக்காகக் காத்திருக்காமல் காவல் நிலையம் போங்கள்.

வங்கி சம்பந்தப்பட்ட லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம், போய் வாருங்கள். நேரடியாக மேலதிகாரியோடு பேசக் கிடைக்கும் நல்ல இடம் அது. கட்டணம் இல்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் திணிக்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் உங்களால் நிச்சயம் கட்ட முடிகிற தொகைக்கும் தேதிக்கும் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம்.