அவளுடைய நினைப்பா, ஆசிரியருடையதா?

1857 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் ஒரு நாவல் மீது வழக்கு நடந்தது. குஸ்தாவ் ஃப்ளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி'. கணவனை ஏமாற்றிக் காதலனைத் தேடிய எம்மாவை ஆசிரியர் கண்டிக்கவே இல்லை, அவளைப் போற்றுகிறார் என்று அரசு வழக்கறிஞர் பினார் வாதாடினார். எம்மாவின் பூரிப்பை ஃப்ளோபேரின் கணக்கில் எழுதிவிட்டார் அவர். பிப்ரவரியில் ஃப்ளோபேர் விடுதலையானார். ஆனால் பினார் தடுமாறிய இடத்தில்தான் படர்க்கைக் கதையின் தொழில்நுட்பமே இருக்கிறது.

'நான்' என்று தொடங்கும் கதையில் பேசுவது யார் என்ற குழப்பம் இல்லை. 'அவள்' என்று தொடங்கினால் சொல்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். இந்த இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம் வைப்பது என்பதே எழுதுகிறவரின் வேலை.

தூரம் அதிகமென்றால் எல்லாம் அறிந்த கதைசொல்லி. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் அவர் எல்லோர் மனதிலும் நுழைவார், கேலி செய்வார், வாசகரிடமும் பேசுவார். சலுகை மிகுந்த நாற்காலி அது. இன்று பலர் அதில் உட்காரக் கூச்சப்படுகிறார்கள், அது வீண் கூச்சம் என்பது என் எண்ணம். இன்னொரு கோடியில் ஹெமிங்வே. 1927இல் வெளியான சில கதைகளில் பேச்சையும் அசைவையும் மட்டும் தருவார், மனதுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

நடுவில் இருப்பதுதான் இன்று மிகுதியாகப் புழங்குவது: ஒரே பாத்திரத்தின் கண் வழியே படர்க்கையில் சொல்வது. இதில் காவல் கடுமையானது. செல்வி என்றொரு பாத்திரத்தின் பார்வையில் கதை போகும்போது 'செல்வியின் முகம் சிவந்தது' என்று எழுதினால் சறுக்கல். கண்ணாடி இல்லாமல் தன் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? காது சுட்டது என்று எழுதலாம்.

ஃப்ளோபேர் செய்தது இன்னும் நுட்பமானது. அவருக்கு முன்பே ஜேன் ஆஸ்டின் இதில் தேர்ந்திருந்தார். 'இனி அவன் வரமாட்டான் என்று செல்வி நினைத்தாள்' என்பதில் 'என்று' ஒரு வேலி. நினைப்பு அவளுடையது, சொல்வது ஆசிரியர். வேலியை எடுத்துவிடுங்கள்: 'செல்வி கடிதத்தை மடித்து வைத்தாள். இனி எங்கே வரப்போகிறான்?' இரண்டாவது வாக்கியம் யாருடையது? இருவருடையதும்தான். பினார் இந்த இடத்தில்தான் ஆசிரியரைப் பிடித்தார்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவன் என்பதா, அவர் என்பதா? தலைமையாசிரியர் வந்தார், வாட்ச்மேன் வந்தான் என்று எழுதிய கணமே கதைசொல்லி எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. வாட்ச்மேனின் மகள் பார்வையில் கதை போனால் அதே ஆள் 'அப்பா', வினை 'வந்தார்'. விகுதி ஒன்றை மாற்றினால் பார்வையே மாறும். கைகொடுக்கவும் ஒரு சொல் இருக்கிறது: 'தான்'. 'தான் தோற்றுவிட்டதாக அவனுக்குத் தெரிந்தது' என்றால் தோற்றவன் அவனேதான். 'அவன்' என்று போட்டால் வேறொருவனாகவும் இருக்கலாம்.

சொல்பவருக்கும் அனுபவிப்பவருக்கும் இடையிலான தூரத்தை ஜெயகாந்தன் கதைப்பொருளாகவே ஆக்கினார். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை படர்க்கையில் வந்தது. மழை நாளில் அந்நியன் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வரும் பெண்ணைத் தாய் தண்ணீர் ஊற்றித் தூய்மையாக்கி ஏற்கிறாள். பிறகு எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அப்படி ஏற்கப்படாத கங்கா, 'நான்' என்று தன் கதையைச் சொல்கிறாள். நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக வரும் அந்தச் சிறுகதையை அவளே படிக்கவும் செய்கிறாள்.