வாவிக் காற்றும் சாரதியின் சுவாசப்பையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் அமைந்துள்ள மண்டூர், முருகன் ஆலயத்தாலும் வயல்வெளிகளாலும் அறியப்பட்ட ஊராகும். வாகனப் புகையால் சுவாசப்பை கெடும் என்று இவ்வூரில் கூறினால், அது கொழும்பு வாசிகளின் கவலை என்று ஒதுக்கிவிடுவோர் பலர். வாவியைத் தழுவி வரும் காற்று தூய்மையானது என்பது அவர்களது நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிழையன்று. ஆனால், மண்டூரில் வசிக்கும் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி தமது வேலை நேரத்தில் சுவாசிப்பது பெரும்பாலும் அந்தக் காற்றை அல்ல என்பதே இங்கு கவனிக்கப்பட வேண்டியதாகும்.

வெல்லாவெளி, பட்டிருப்புப் பாலம் வழியாகக் களுவாஞ்சிகுடிக்கும், கிட்டங்கி வழியாகக் கல்முனைக்கும் அவர் செல்கின்றார். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரையோரப் பிரதான வீதியில் பஸ் வண்டிகளும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் நெருங்கிச் செல்கின்றன. பாடசாலை விடும் வேளையிலும், ஜும்ஆத் தொழுகை முடியும் வேளையிலும், திருவிழாக் காலங்களிலும் அந்த நெரிசல் இரட்டிக்கின்றது. முச்சக்கர வண்டிக்கு அடைப்பில்லை. முன்னே நிற்கும் பஸ் வண்டியின் புகைக்குழாய்க்கும் சாரதியின் மூக்குக்கும் இடையே சில அடி தூரமே உள்ளது. தீங்கின் அளவைத் தீர்மானிப்பது ஊரின் பெயரன்று. அந்தத் தூரமும், அங்கே கழியும் மணித்தியாலங்களுமேயாகும்.

புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாத நுண்துகள்களே ஆபத்தானவை. 2.5 மைக்குறோமீற்றருக்குக் குறைவான விட்டமுடைய இத்துகள்கள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும். பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்பட்டுச் சளியுடன் வெளியேறும். நுண்துகள்களோ சுவாசப்பையின் காற்றுச் சிற்றறைகள் வரை செல்கின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலந்து இருதயத்தைப் பாதிக்கின்றன. நைதரசன் ஈரொட்சைட்டு சுவாசக் குழாய்களின் உட்சுவரை உறுத்தி வீங்கச் செய்கின்றது. இது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது நாட்பட்ட இருமல், இளைப்பு, ஆஸ்துமா என்பன தலைகாட்டுகின்றன.

இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வொன்று 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆஸ்துமா உள்ள 60 பேர், டீசல் பஸ் வண்டிகளும் வாடகைக் கார்களும் மாத்திரம் அப்போது ஓடிய லண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் நடந்தனர். வேறொரு நாள், அருகிலுள்ள ஹைட் பார்க் பூங்காவில் அதே அளவு நேரம் நடந்தனர். வீதியில் நடந்தபோது, ஒரு விநாடியில் அவர்களால் ஊதி வெளியேற்ற முடிந்த காற்றின் அளவு 6 சதவீதம் வரை குறைந்தது. பூங்காவில் அக்குறைவு மிகச் சிறிதாகவே இருந்தது. மண்டூர்ச் சாரதியின் நிலையும் இத்தகையதே. அவர் பூங்காவில் குடியிருந்து, வீதியில் உழைப்பவர். இரவில் வீட்டுத் திண்ணையில் வீசும் நல்ல காற்று, பகலில் உட்சென்ற துகள்கள் அனைத்தையும் வெளியேற்றிவிடாது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியது. 2021இல் அந்த ஸ்தாபனம் நுண்துகள்களுக்கான ஆண்டுச் சராசரி எல்லையை ஒரு கனமீற்றர் காற்றுக்கு 5 மைக்குறோகிராமாகக் குறைத்தது. 2008இல் இலங்கை வர்த்தமானியில் வெளியான எல்லையோ 25 ஆகும்.

நம் நாட்டில் எதுவுமே செய்யப்படவில்லை என்று கூறிவிட முடியாது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. பெற்றோலுடன் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் இருவீச்சு இயந்திர முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மேல் மாகாணத்தில் ஆரம்பமான வாகனப் புகைப் பரிசோதனை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. ஆனால், சான்றிதழ் பெறும் நாளில் மாத்திரம் சீராக இயங்கும் இயந்திரத்தால் எவருக்கும் பயனில்லை. கரும்புகை, எரிபொருள் முழுமையாக எரியவில்லை என்பதைக் காட்டும். நீலப்புகை, இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். இரண்டும் சாரதியின் பணத்தையும் சேர்த்தே எரிக்கின்றன.

சாரதிகள் தாமே செய்யக்கூடியவையும் உள. தரிப்பிடத்தில் காத்திருக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். புகை கக்கும் வாகனத்தை ஒட்டிச் செல்லாது இடைவெளி விட வேண்டும். கைக்குட்டை நுண்துகள்களைத் தடுக்காது; முகத்துடன் இறுகப் பொருந்தும் என்-95 வகை முகக்கவசமே தடுக்கும். புகைப்பிடிக்கும் சாரதிக்குத் தீங்கு பன்மடங்காகும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைத் தூசி இருமல் என்று ஒதுக்காது, காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம்.

சுவாசப்பையின் தேய்வு மெல்ல நிகழ்வதால் அது உடனே உணரப்படுவதில்லை. படியேறும்போது மூச்சு வாங்குவதை வயதின் கோளாறென்று எண்ணிக் காலம் கடத்துவோரே அதிகம். ஊதிப் பார்க்கும் எளிய சுவாசப் பரிசோதனை அதனை முன்கூட்டியே காட்டிவிடும். வாகனத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றோம். அதை ஓட்டுபவரின் சுவாசப்பைக்கும் ஆண்டுக்கொரு பரிசோதனை கிடைக்க, சாரதிகள் சங்கங்களும் பிரதேச சபைகளும் சுகாதாரத் துறையினரும் ஒன்றிணைந்து வழிசெய்ய வேண்டும். ஒரு சாரதியின் மூச்சில் தங்கியிருப்பது அவரது குடும்பம் முழுவதினதும் வாழ்வாகும்.