அமானுடத் தொடர்களில் வினைமுற்று விகுதி: தமிழ் – மலையாள மொழிமாற்றத்தில் ஒரு சிக்கல்

தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே மொழிபெயர்ப்பது எளிது என்னும் கருத்து பரவலாக உள்ளது. சொல்வளம், தொடரமைப்பு, உறவுமுறைச் சொற்கள் ஆகியவற்றில் இரு மொழிகளும் நெருங்கியிருப்பது இக்கருத்துக்கு இடந்தருகிறது. எனினும் வினைமுற்றின் ஈற்றில் அவை பிரிந்துவிடுகின்றன. குடும்பக் கதைகளில் இப்பிரிவால் பெரிய இடர் நேர்வதில்லை. நாககன்னியும் யட்சியும் பெண்ணுருக் கொண்டு நடமாடும் தொலைக்காட்சித் தொடர்களிலோ கதையின் அச்சாணியே அந்த ஈற்றில்தான் உள்ளது.

இத்தகைய தொடர்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. 2015 நவம்பரில் கலர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாகின்’ என்னும் இந்தித் தொடர் தமிழில் ‘நாகினி’ எனவும் மலையாளத்தில் ‘நாககன்யக’ எனவும் குரல்மாற்றம் செய்யப்பட்டது. திரைப்பட இயக்குநர் சுந்தர் சி. உருவாக்கத்தில் நித்யா ராம், மாளவிகா வேல்ஸ் முதலியோர் நடித்த ‘நந்தினி’ 2017 சனவரி முதல் 2018 திசம்பர் வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அது தமிழிலும் கன்னடத்திலும் ஒருங்கே எடுக்கப்பட்டுத் தெலுங்கிலும் மலையாளத்திலும் குரல்மாற்றம் பெற்றது. ஒரே கதை நான்கு திராவிட மொழிகளில் வழங்கியமை ஒப்பாய்வாளருக்குக் கிடைத்த நற்பேறு எனலாம்.

இத்தொடர்களின் இரு வடிவங்களையும் கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு கேரளத்தின் எல்லைப் பகுதிகளில் வாழ்வோர்க்கு மிகுதி. பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் இவர்கள் இரண்டையும் இடையூறின்றிப் புரிந்துகொள்வர். இவர்களுக்காக எவரும் தனியே மொழிபெயர்ப்பதில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பின் குறையை முதலில் உணர்பவர்கள் இவர்களே.

பால் விகுதி மலையாள வினைமுற்றில் இன்று இல்லை. ஏ. ஆர். ராஜராஜ வர்மா தமது ‘கேரள பாணினீயம்’ (1896) என்னும் நூலில், மலையாளம் தனித்தமைந்ததற்குக் காட்டும் ஆறு நெறிகளுள் ‘புருஷபேத நிராசம்’ ஒன்றாகும். அவன், அவள், அது, அவர் என எது எழுவாயாயினும் ‘வன்னு’ என்னும் ஒரே வடிவமே வரும். தமிழிலோ ‘வந்தாள்’, ‘வந்தது’, ‘வந்தார்’ என முற்றே திணையையும் பாலையும் உரைத்துவிடும்; எழுவாய் தோன்றாவிடினும் இது மாறாது.

இனி, பேய்க்கு எந்தத் திணை? தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை. அவை உயர்திணைப் பால் ஈறுகளையே ஏற்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலாரோ நரகரையும் உயர்திணையில் அடக்கினார். ஆயின் இன்றைய வழக்கில் ‘பேய் வந்தது’ என்பதே இயல்பு. ‘அம்மன் வந்திருக்கிறாள்’ என்பதும் அவ்வாறே. ஒரு பெண்ணின் உடலில் மற்றொன்று புகுந்திருப்பதாகக் கதை அமையும்போது, பேசுவோர் அவளை மகளாகக் கருதுகிறாரா, பேயாகக் கருதுகிறாரா, தெய்வமாகக் கருதுகிறாரா என்பதை விகுதி ஒன்றே காட்டிவிடுகிறது.

இத்தொடர்களின் உரையாடல் வகையை ஒட்டி அமைத்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மயங்கிக் கிடக்கும் மகள் அசைகிறாள். தாய் முதலில் ‘எழுந்துவிட்டாள்’ என்கிறாள். மகளின் கண்களைக் கண்டதும் பின்வாங்கி, ‘எழுந்துவிட்டது’ என்கிறாள். மகள் என்னும் உறவு அந்த ஓர் அசையில் அறுந்துபோகிறது. இதனை மலையாளமாக்குவோர் இரண்டிடத்தும் ‘எழுந்நேற்று’ என்றே எழுத இயலும். வேறுபாடு வேண்டின் ‘அவள்’, ‘அது’ என்னும் பதிலிடுபெயர்களைச் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்க்கும்போது மற்றொரு சிக்கல் தோன்றுகிறது. தமிழில் செய்தி தொடரின் இறுதியில் வெளிப்படுகிறது. மலையாளத்தில் ‘அது’ முன்னே வந்து அதனை முந்தி உரைத்துவிடுகிறது. காட்சியில் தாயின் முகம் மாறுவதற்குள் கேட்போர்க்கு எல்லாம் தெரிந்துவிடும். பேச்சு மலையாளத்தில் எழுவாயைப் பின்னிறுத்துவதும் உண்டாதலின், ‘எழுந்நேற்று, அது’ என அமைப்பது பொருத்தமாகும். நடிகையின் வாயசைவு இதற்கு இடந்தருமா என்பதைக் குரல்பதிவுக் கூடத்தில்தான் முடிவு செய்ய இயலும்.

எதிர்த்திசையில் இடர் மேலும் கடுமையானது. ‘வன்னு, நின்னு, போயி’ என்று ஒரு மலையாளக் காவலாளி இரவில் கண்டதைக் கூறினால், கண்டது பெண்ணா, விலங்கா, ஆவியா என்பது மறைந்தே நிற்கும். தமிழில் ‘வந்தாள்’ என்றால் மனித வடிவம் உறுதியாகிறது. ‘வந்தது’ என்றால் அச்சம் உறுதியாகிறது. கதாசிரியர் பத்து நாள் காத்துவைத்த மறைபொருளை மொழிபெயர்ப்பாளர் ஒரு விகுதியால் கலைத்துவிட நேர்கிறது. ‘வந்தார்’ என்பது பாலை மறைக்கும். ஆனால் வேண்டாத மரியாதையைக் கொண்டுவந்து சேர்க்கும். தமிழுக்கு உதவுபவை எச்சங்களே. பெயரெச்சமும் வினையெச்சமும் பால் காட்டா. ‘யாரோ வந்து நின்றாற்போல் இருந்தது’ என்றோ, ‘வந்து நின்ற நிழல்’ என்றோ அமைத்தால் மறைபொருள் காக்கப்படும். தேர்ந்த தமிழ்க் கதைசொல்லிகள் இம்முறையை இயல்பாகவே கையாள்வர்; குரல்மாற்ற உரைகளில்தான் அது அருகிக் காணப்படுகிறது.

மற்ற இரு மொழிகளையும் சுருக்கமாக நோக்கலாம். கன்னடம் தமிழைப் போன்றே ‘பந்தளு’, ‘பந்திது’ எனப் பிரிக்கும்; எனவே ‘நந்தினி’யின் இரு மூல வடிவங்களுக்கும் இடையே இச்சிக்கல் எழாது. தெலுங்கின் ஒருமையிலோ பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ‘வச்சிந்தி’ என்னும் ஒரே முற்றுதான்.

எல்லைப் பகுதித் தமிழ் இங்கு ஒரு திருத்தத்தைக் கோருகிறது. சித்தூர் வட்டம் கொங்குப் பகுதியை ஒட்டியது. ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்பது கொங்கு வழக்கில் இழிவன்று. பல நேரங்களில் பரிவு. ஆகவே ‘வந்துச்சு’ என்ற உடனே இவ்வழக்கினர் பேயை நினைப்பதில்லை. அஃறிணை முற்று அச்சம் தரும் என்னும் விதி எழுத்து வழக்கை ஒட்டிய தொடர்த்தமிழுக்குப் பொருந்துமேயன்றி வட்டார வழக்கு முழுமைக்கும் பொருந்தாது. பாத்திரங்களைக் கொங்கு வழக்கில் பேசவிடும் உரையாசிரியர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

விகுதி இல்லாத மொழி வேறு வழியும் காண்கிறது. திரைப்படமாயினும் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) இங்குக் கருதத்தக்கது. அதில் மலையாளம் பேசும் கங்கா, தஞ்சை நடனமாது நாகவல்லியாக மாறியதும் தமிழ் பேசுகிறாள். ‘அவள் இப்போது வேறொருத்தி’ என்பதை மொழியே அறிவித்துவிடுகிறது. இக்கதை கன்னடத்தில் ‘ஆப்தமித்ர’ (2004) எனவும் தமிழில் ‘சந்திரமுகி’ (2005) எனவும் ஆக்கப்பட்டபோது அவ்விடத்தைத் தெலுங்கு ஏற்றது. அயன்மை காட்ட அண்டை மொழியைக் கொள்வது சிறந்த உத்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கேட்போரை ஒருமொழியாளராகக் கருதிக்கொள்கிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் மலையாள மூலத்தைக் காணும் தமிழ்க் குடும்பத்திற்கு ஆவி பேசுவது வீட்டுமொழி. அயன்மொழியாய் ஒலிப்பது, ஆவி நீங்கிய பின் கங்கா பேசும் மொழியே.