புலியும் சங்கிலியும் ஒரே கட்டையில்: மா மெரி மரச்சிற்பம்

படிவம் 2 மாணவர்களுக்கு விளக்கக் கட்டுரை நடத்தும்போது ஒரு மரச்சிற்பத்தின் படத்தைக் காட்டினேன். சங்கிலியால் கட்டப்பட்ட புலி. “டீச்சர், சங்கிலிய எப்படி ஒட்டுனாங்க?” என்று ஒரு மாணவன் கேட்டான். ஒட்டவே இல்லை, எல்லாம் ஒரே கட்டைதான் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இதைச் செய்பவர்கள் மா மெரி இனத்தவர். சிலாங்கூர், கேரித் தீவில் உள்ள சுங்கை பும்புன் கிராமம் இக்கலைக்குப் பெயர் பெற்றது. அதே தீவின் தோட்டங்களில் நம்மவர்களும் பாடுபட்டார்கள். தமிழ்ப்பள்ளிகளும் அங்கே உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரியாது.

செதுக்கும் மரம் ‘ஞிரே பத்து’. சதுப்புநிலத்தில் வளரும், செந்நிறமான, கெட்டியான மரம். முதலில் முழுக் கட்டையில் உருவத்தைப் பிரிப்பார்கள். பிறகு சங்கிலி வர வேண்டிய இடத்தில், வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள மரத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தெடுப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு வளையமும் தனியாக ஆடும். ஒன்று உடைந்தால் அவ்வளவு நாள் உழைப்பும் போச்சு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கற்சங்கிலியும் இப்படி ஒரே கல்லில் வந்ததுதான். இதைச் சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

முக்கியமான விஷயம், இது வெறும் புலி பொம்மை இல்லை. மா மெரி மக்கள் மூதாதையர் ஆவிகளை ‘மோயாங்’ என்பார்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு பெயர், ஒரு கதை. ஆண்டுதோறும் ‘ஹரி மோயாங்’ நாளில் அவர்களை வணங்கி, முகமூடி அணிந்து ஆடுவார்கள். 1973-இல் ரோலண்ட் வெர்னர் இக்கலையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

என் மாணவர் சிலர் முதல் வரைவில் “காட்டுவாசிகள் பொம்மை செய்கிறார்கள்” என்று எழுதியிருந்தார்கள். கோபப்படவில்லை, தெரியாமல் எழுதியது. ‘பூர்வகுடி மக்கள்’, ‘மூதாதையர் உருவம்’ என்று திருத்தச் சொன்னேன். இரண்டு சொல் மாறியதும் கட்டுரையின் பார்வையே மாறிவிட்டது.

சதுப்புநிலம் குறையக் குறைய அந்த மரமும் அரிதாகி வருகிறது. மரம் இல்லையென்றால் சிற்பம் இல்லை. சிற்பம் இல்லையென்றால் கதையைச் சொல்ல ஆள் ஏது?

பயிற்சி: உங்கள் ஊரில் பூ கட்டுபவர், நகை செய்பவர் என யாராவது ஒரு கைவினைஞரிடம் மாணவர்களை அனுப்புங்கள். மூன்று கேள்வி போதும்: எதில் செய்கிறீர்கள்? எது முதலில், எது பிறகு? எதற்காகச் செய்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் கட்டுரைக்கு உயிர்.