மறைந்த ஆட்டங்கள் – 9: எரிமலைக் கல்லில் சறுக்கிய தலைவர்கள்

ஹொனலுலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய மரச்சட்டம் இருக்கிறது. ஒல்லியான ஏணியைத் தரையில் படுக்கப் போட்டது போல இருக்கும். ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு நீளக் கட்டைகள், முனை மட்டும் மேல்நோக்கி வளைந்தவை. குறுக்குக் குச்சிகளைக் கயிற்றால் வரிந்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவின் கோனா பகுதியில், ஹோகேனா ஊர்க் குகை ஒன்றில் கிடைத்தது. கானேயாமுனா என்ற குலத்தலைவியின் வண்டி என்பார்கள்.

இதில்தான் மலைச்சரிவில் இறங்கினார்கள். ஆட்டத்தின் பெயர் ஹோலுவா.

சென்ற வாரம் பார்த்த அலைச்சறுக்கில் தவறினால் விழுவது தண்ணீரில். இங்கே கீழே இருப்பது இறுகிய எரிமலைக் குழம்பு. வண்டியின் அகலமோ ஒரு சாண்கூட இல்லை. சரிவின் உச்சியில் வண்டியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, அதன்மேல் குப்புறப் பாய்ந்து, தலை முன்னால் இருக்கக் கீழே போவார்கள். மண்டியிட்டும் போனார்கள், கெட்டிக்காரர்கள் நின்றுகொண்டே போனார்கள்.

என்னைக் கேட்டால், வண்டியைவிடத் தடம்தான் அதிசயம். எரிமலைக் கற்களைச் சுமந்து வந்து அடுக்கி, பள்ளங்களை நிரப்பி, மேலே மண்ணைக் கெட்டித்து, அதன்மேல் பிலி என்ற புல்லைப் பரப்புவார்கள். வண்டியின் அடிக்கட்டைக்குக் குக்குயிக் கொட்டை எண்ணெய் பூசுவார்கள். கோனா பகுதியின் கியாவ்ஹோவில் இருக்கும் தடம் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒரு மைல் நீளம். கல் சுமந்தவர்கள் குடிமக்கள். சறுக்கியவர்கள் பெரும்பாலும் தலைவர்கள். பந்தயம் கட்டுவதும் உண்டு.

தலைவர்களின் இந்த மிடுக்கைக் கிண்டல் செய்வது போல ஒரு கதை இருக்கிறது. பூனா பகுதித் தலைவன் கஹவாலி சறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து போட்டிக்கு அழைத்தாள். பிறகு அவன் வண்டியைக் கேட்டாள். அவன் தர மறுத்துவிட்டுத் தானே சறுக்கினான். வந்தவள் எரிமலைத் தெய்வம் பெலே. அவள் காலால் உதைக்க, மலை பிளந்து நெருப்புக் குழம்பு அவனைத் துரத்தியது. ஓடுகிற ஓட்டத்திலும் தான் வளர்த்த பன்றியோடு மூக்கை உரசி விடைபெற்றானாம். சேர்ந்தே சாவோம் என்ற மனைவியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுத் தம்பியின் படகில் ஏறித் தப்பினான்! 1823இல் தீவைச் சுற்றிவந்து இதைக் கேட்டு எழுதிவைத்தவர் வில்லியம் எல்லிஸ், ஒரு பாதிரியார்.

பாதிரிமார்கள்தான் ஹோலுவாவை ஒழித்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1820இல் வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமார்களுக்குச் சூதும் பழைய தெய்வங்களும் கலந்த ஆட்டங்கள் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பழியை முழுக்க அவர்கள் தலையில் போடுவது சரியல்ல. அதற்கு முந்தைய ஆண்டே பேரரசர் கமேஹமேஹா இறந்துவிட்டார். மகன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, பழைய விலக்குகளை உடைத்தார். கோயில்கள் இடிக்கப்பட்டன. லோனோ தெய்வத்துக்கான மகாஹிகி விழாக் காலம்தான் ஆட்டங்களுக்கான காலம். விலக்குகளோடு சேர்ந்து அதுவும் போயிற்று. வெளிநாட்டுச் சரக்குக்குக் கடன்பட்ட தலைவர்கள் சந்தன மரம் வெட்டக் குடிமக்களைக் காட்டுக்கு விரட்டினார்கள். கப்பல்களில் வந்த நோய்கள் ஊர்களைக் காலி செய்தன. தடத்துக்குக் கல் அடுக்க யார் மிஞ்சினார்கள்?

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, டாம் போஹாகு ஸ்டோன் என்ற ஹவாய்க்காரர் பழைய முறையில் வண்டி செதுக்கி, தானும் சறுக்கி, இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பாறையில் விழுந்து பலத்த அடிபட்ட பிறகும் அவர் விடவில்லை.

கியாவ்ஹோ தடத்தில் எஞ்சியிருப்பது 1,290 அடி. 1962இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கோனா பக்கம் போகிறவர்கள் தள்ளி நின்று பாருங்கள். படம் எடுக்கிறேன் என்று தயவுசெய்து அந்தக் கற்கள்மேல் ஏறாதீர்கள். சாந்து பூசாமல் அடுக்கிய கற்கள் அவை.

(தொடரும்)